தலையில் அடிபட்டவருக்குப் பக்கத்தில் இருப்பவர் கவனிக்க வேண்டியவை

தலையில் அடிபட்டவரைத் தூக்கி உட்காரவைத்ததும் எல்லோரும் முதலில் தேடுவது இரத்தத்தைத்தான். மண்டைத்தோலில் இரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடுவதால் ஒரு விரற்கடை நீள வெட்டுகூடச் சட்டையை நனைத்துவிடும். சுற்றி நிற்பவர்கள் பதறுவார்கள். நான்கு தையல் போட்டு இரத்தம் நின்றதும் கண்டம் தப்பியது என்று வீடு திரும்புவார்கள். தோலே கிழியாத அடியை நம் ஊர்களில் ஊமையடி என்பார்கள். எதுவும் சொல்லாமல் உள்ளே வேலை செய்கிற அடி என்பதால் அந்தப் பெயர் பொருத்தமானது. தலைக்காயத்தில் ஆபத்தைக் காட்டுவது வெளிக்காயத்தின் அளவன்று. அடிபட்டவரின் பேச்சும் விழிப்பும் நடையும் அடுத்த சில மணி நேரத்தில் தெளிகின்றனவா, மங்குகின்றனவா என்பதே. அந்த மாற்றம் அடிபட்டவருக்குத் தெரியாது. மங்கிக்கொண்டிருக்கும் மூளையைக் கொண்டுதான் அவர் தன்னை எடைபோட வேண்டியிருக்கிறது. ஆகவே இந்தக் குறிப்புகள் அவருக்காக அல்ல, அவர் பக்கத்தில் இருப்பவருக்காக எழுதப்பட்டவை.

மண்டைக்குள் என்ன நடக்கிறது

‘பொட்டில் அடித்தாற்போல்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். நெற்றிப்பொட்டை ஒட்டிய பகுதியில் மண்டையோடு மிக மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி, மூளையுறைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் ஒரு தமனி ஓடுகிறது. எலும்பில் விரிசல் விழும்போது அந்தத் தமனி கிழிந்தால், இரத்தம் எலும்புக்கும் உறைக்கும் இடையே தேங்கி மூளையை அழுத்தத் தொடங்கும். மண்டையோடு விரிந்துகொடுக்காத பெட்டி. அதற்குள் மூளையைச் சுற்றியுள்ள நீரும் சிரை இரத்தமும் சற்று விலகி இடம் கொடுக்கும்வரை, அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு, வண்டிக்கு என்ன ஆயிற்று என்றுகூட விசாரிப்பார். விலக இடமில்லாமல் போனதும் அழுத்தம் மளமளவென்று ஏறும். நிமிடங்களில் நிலைமை தலைகீழாகும். இடையில் வரும் அந்தத் தெளிவைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

ஆங்கில நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச் மாதம் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பனிச்சறுக்குப் பயிற்சியின்போது, தொடக்கநிலையினருக்கான சரிவில் விழுந்தார். காயம் எதுவும் தெரியவில்லை. தமக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி மருத்துவ உதவியை மறுத்துவிட்டார். சிறிது நேரத்தில் தலைவலி தொடங்கியது. விழுந்து இரண்டு நாள் கழித்து உயிரிழந்தார். மேலே சொன்ன வகை இரத்தக்கசிவுதான் காரணம். உரிய நேரத்தில் மண்டையோட்டைத் திறந்து அந்த இரத்தத்தை அகற்றினால் பெரும்பாலோர் நன்றாகப் பிழைத்துக்கொள்கிற காயம் இது என்பதுதான் இதில் மனத்தை உறுத்தும் செய்தி.

இரத்தக்கசிவே இல்லாமல் மூளை குலுங்குவது மற்றொரு வகை. ஸ்கேனில் எதுவும் தெரியாது. ஆனால் தலைவலியும் மந்தமும் தலைசுற்றலும் இருக்கும். இதுவும் தாமதமாக வெளிப்படக்கூடும். 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தில் இங்கிலாந்தின் ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பந்து கழுத்தில் பட்டு விழுந்த ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் ஸ்டீவ் ஸ்மித், பரிசோதனைகளில் தேறி அன்றே திரும்பி வந்து ஆடினார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும் தலைகாட்டின. அவருக்குப் பதிலாக இறங்கிய மார்னஸ் லபுஷேன், மூளை குலுங்கியவருக்குப் பதில் வேறொருவர் ஆடலாம் என்ற விதியின்கீழ் டெஸ்ட் கிரிக்கெட்டில் களமிறங்கிய முதல் மாற்று வீரர். மருத்துவக் குழுவே கூடநின்று பார்த்துக்கொண்ட ஒருவருக்கு இப்படியென்றால், சாலையோரத் திண்ணையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

விழுந்த இடத்தில்

முதலில் மணியைப் பாருங்கள். எத்தனை மணிக்கு விழுந்தார் என்பது பின்னால் ஒவ்வொரு மருத்துவரும் கேட்கப்போகிற கேள்வி; ஆனால் ‘கொஞ்ச நேரம் முன்னாடி’ என்பதற்கு மேல் யாராலும் சொல்ல முடிவதில்லை. அடுத்து, அவரை உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். தலையில் பலமாக அடிபட்டவருக்குக் கழுத்தெலும்பிலும் அடிபட்டிருக்கலாம். தலைப்பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்து, இரு கைகளாலும் தலையைப் பிடித்து அசையாமல் வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுக்க வேண்டும். நினைவில்லாமல் இருந்து, வாந்தி எடுத்தாலோ வாயில் இரத்தம் தேங்கினாலோ, இரண்டு மூன்று பேர் சேர்ந்து தலை, கழுத்து, உடல் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்குமாறு ஒருக்களித்துப் புரட்ட வேண்டும். கழுத்துக்காக அஞ்சி மூச்சடைப்பை விட்டுவிடக் கூடாது, மூச்சுதான் முதலில். மூச்சே இல்லையென்றால் 108ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவே அழுத்தி உயிர்ப்பு சிகிச்சை தர வேண்டும்.

ஹெல்மெட் அணிந்திருந்தால், மூச்சுக்குத் தடையில்லாதவரை அதைக் கழற்றாமல் முகத்திரையை மட்டும் தூக்கிவிடலாம். கழற்றியே ஆக வேண்டுமென்றால் அது இருவர் செய்யும் வேலை: ஒருவர் கழுத்தையும் தாடையையும் கீழிருந்து தாங்கிக்கொள்ள, மற்றவர் வார்ப்பட்டையை அவிழ்த்து, பக்கவாட்டில் சற்று விரித்து மெதுவாக வெளியே எடுக்க வேண்டும்.

இரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடியுங்கள். எலும்பு உள்ளே அமுங்கியிருப்பதுபோலத் தென்பட்டால் அந்தக் குழியின்மேல் அழுத்தாமல், துணியை மேலே போர்த்தி ஓரங்களில் மட்டும் அழுத்தம் கொடுக்க வேண்டும். காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தெளிந்த நீரோ இரத்தம் கலந்த நீரோ வடிந்தால் பஞ்சை வைத்து அடைக்காதீர்கள். அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம்.

காயத்தில் காபித்தூளை அப்புவதும், மயங்கியவர் முகத்தில் சோடாவைப் பீய்ச்சுவதும், வாயில் தண்ணீர் ஊற்றுவதும் இன்னும் வழக்கத்தில் இருக்கின்றன. காபித்தூள் காயத்தை அசுத்தப்படுத்தி, தையல் போடுகிறவரின் வேலையை இரட்டிப்பாக்கும். அரைமயக்கத்தில் இருப்பவர் வாயில் ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் எந்தப் பயனும் இல்லை. சுற்றியுள்ள கல்லையும் வண்டியையும் அகற்றிவிட்டு, தலைக்கடியில் ஒரு துண்டை வைத்து, எவ்வளவு நேரம் நீடித்தது என்று பார்த்துக்கொண்டு, வலிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைப்பதே செய்ய வேண்டியது.

வழியில் போகிறவர்கள் இதையெல்லாம் செய்யத் தயங்குவது போலீசுக்குப் பயந்துதான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி அவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சையைக் கட்டணமில்லாமல் தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் அது பொருந்தும். ஆகவே பணம் புரட்டிக்கொண்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

உடனே புறப்பட வேண்டிய நிலைமைகள்

அடிபட்டதும் ஒரு கணமேனும் நினைவு தப்பியிருந்தால், விழுந்தது எப்படி என்பதோ அதற்கு முந்தைய அரைமணி நேரமோ நினைவில் இல்லையென்றால், ஒரு முறைக்கு மேல் வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், தலைவலி குறையாமல் கூடிக்கொண்டே போனால், பேச்சு குழறினால், கையோ காலோ ஒருபக்கம் தளர்ந்தால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால், கூப்பிட்டும் விழிக்காத அளவுக்குத் தூக்கம் அழுத்தினால், மேற்கொண்டு யோசனை வேண்டாம், சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். காதுக்குப் பின்னால் கன்றிப்போவதும், கண்களில் அடியே படாமல் இரு கண்களைச் சுற்றியும் கறுப்பதும் மண்டையோட்டின் அடித்தளத்தில் விரிசல் இருப்பதைக் காட்டலாம். இவை தெரிய ஒரு நாள்கூட ஆகும் என்பதால், மறுநாள் காலையில் முகத்தை வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது.

அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் சிலரை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். ஒரு மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்தோ ஐந்து படிகளுக்கு மேல் உருண்டோ விழுந்தவர், வண்டியிலிருந்து தூக்கியெறியப்பட்டவர், 65 வயதைக் கடந்தவர், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் ஆகியோர் அந்த வகையினர். இருதயத்துக்கு வால்வு மாற்றியவர்களும் ஸ்டென்ட் வைத்தவர்களும் வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ‘வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா’ என்று கேட்டால் ‘பிரஷர் மாத்திரை மட்டும்தான்’ என்று வீட்டார் சொல்லிவிடுவார்கள். மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அந்த மாத்திரையை நிறுத்துவதா, தொடர்வதா என்பதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

குடித்திருப்பவரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மது வாடை வந்துவிட்டால் குழறுவது, தள்ளாடுவது, வாந்தியெடுப்பது எல்லாம் குடியின் கணக்கிலேயே எழுதப்பட்டு, ‘தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும்’ என்று திண்ணையில் கிடத்திவிடுகிறார்கள். குடித்தவருக்கும் மூளையில் இரத்தம் கசியும். நெடுங்காலம் குடிப்பவருக்கு மூளை சுருங்கியிருப்பதாலும், கல்லீரல் கெட்டு இரத்தம் உறைவது தாமதமாவதாலும் அந்த வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். போதை நேரம் ஆக ஆக இறங்க வேண்டும்; இறங்காமல் மந்தம் ஏறிக்கொண்டே போனால் அது போதையன்று. குடித்தவர் தலையில் அடிபட்டு விழுந்தால் அதைத் தலைக்காயமாகவே நடத்துவதுதான் சரி.

ஒரு தாளும் ஒரு பேனாவும்

அபாய அறிகுறி இல்லை, வீட்டிலேயே கவனித்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் அனுப்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த 24 மணி நேரத்துக்கு அவரைத் தனியே விடக் கூடாது. கவனிப்பது என்றால் பக்கத்தில் உட்கார்ந்து செல்பேசி பார்ப்பதன்று. தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு, முதல் இரண்டு மணி நேரம் கால்மணிக்கு ஒரு முறை, பிறகு மணிக்கு ஒரு முறை, நேரத்தைக் குறித்து, பார்த்ததை எழுதுங்கள். மாதிரிக்கு ஒரு தாள் இப்படி இருக்கும்: ‘6.20 விழுந்தார், நினைவு தப்பவில்லை. 8.30 ஆஸ்பத்திரியிலிருந்து வந்தோம், பெயர், கிழமை சரி. 9.00 லேசான தலைவலி. 9.15 எங்கே போய்விட்டு வந்தோம் என்று கேட்டார், சொன்னேன். 9.30 அதையே மறுபடி கேட்டார். 9.45 வாந்தி. இரண்டு முறை கூப்பிட்ட பிறகே பதில்.’ ஒவ்வொரு வரியும் தனித்தனியே சாதாரணமானது. ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் படித்தால், 9.45க்கு மறுபடி மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும். எழுதாவிட்டால் முந்தைய வரியை நாம் மறந்துவிடுவோம்.

1974இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த அளவுகோலும் அடிப்படையில் இதையேதான் செய்கிறது. கண்ணை எப்போது திறக்கிறார், என்ன பேசுகிறார், கைகால்களை எப்படி அசைக்கிறார் என்ற மூன்றுக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்டினால் அதிகபட்சம் 15, குறைந்தபட்சம் 3. மருத்துவமனையில் ‘ஜி.சி.எஸ். எவ்வளவு’ என்று பேசிக்கொள்வது இதைத்தான். ஒரே ஒரு முறை எடுத்த எண்ணைவிட, அந்த எண் 15இலிருந்து 13க்கு இறங்கியது என்ற செய்திக்கே மருத்துவர்கள் விரைந்து ஓடுவார்கள்.

வீட்டில் கேட்கும் கேள்விகளைச் சற்று யோசித்துக் கேளுங்கள். ‘நல்லாயிருக்கியா?’ என்றால் எல்லோரும் ‘ம்’ என்பார்கள். அந்த ‘ம்’ எதையும் சொல்லாது. ‘காலையில் என்ன சாப்பிட்டோம்?’, ‘நாளைக்கு யார் வீட்டுக்குப் போக வேண்டும்?’ என்பன போல, பதிலுக்கு யோசிக்க வேண்டிய கேள்விகளாக இருக்கட்டும். உட்காரவைத்து, கண்ணை மூடி, உள்ளங்கை மேலே பார்க்க இரு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லிப் பத்து எண்ணுங்கள். ஒரு கை மட்டும் மெல்லத் திரும்பிக் கீழிறங்கினால், அவர் உணராத தளர்ச்சி அந்தப் பக்கத்தில் தொடங்கியிருக்கிறது. இரு கண்ணின் பாவையும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று அறை வெளிச்சத்தில் பாருங்கள். முன்பு கண்புரை அறுவை செய்துகொண்டவருக்கு அளவு வேறுபாடு ஏற்கெனவே இருந்திருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் சில சமயம் விடை கிடைக்கும்.

தூங்கவே விடக் கூடாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மருத்துவர் பார்த்து அனுப்பியவர், தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பவர், இரவில் தாராளமாகத் தூங்கலாம். அடிபட்ட மூளைக்குத் தூக்கம் தேவை. மருத்துவர் இடையிடையே எழுப்பச் சொல்லியிருந்தால் எழுப்பி ஒரு கேள்விக்குப் பதில் வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம். எழுப்பியும் எழவில்லை, வழக்கமில்லாத குறட்டை வருகிறது, மூச்சு விட்டுவிட்டு இழுக்கிறது என்றால் அது தூக்கமன்று.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். மருந்துக்கடையில் கேட்டால் கொடுக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் வகைகளை முதல் இரண்டு நாட்களுக்குத் தவிர்ப்பது நல்லது; அவை இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். தூக்க மாத்திரையும் மதுவும் கூடவே கூடாது.

முதியவர்களும் குழந்தைகளும்

வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்கி, அதற்கும் உறைக்கும் இடையே பாலம்போல் ஓடும் சிரைகள் இழுபட்டு நிற்கும். சிறு இடியிலேயே அவை கிழியும். சிரை இரத்தம் மெல்லக் கசிவதால் அறிகுறி தெரிய வாரக்கணக்கில் ஆகலாம். என் பெரியம்மா குளியலறை நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டபோது, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அன்று மாலையே சமைத்தார். மூன்று வாரம் கழித்து, நடக்கும்போது இடது கால் செருப்பு நழுவிக் கழன்று போவதும், அது தெரியாமலேயே அவர் நடந்துபோவதும் முதலில் கண்ணில் பட்டன. அதன் பிறகுதான் குழம்பில் இருமுறை உப்புப் போட்டதையும், பகலெல்லாம் தூங்கியதையும் சேர்த்துப் பார்த்தோம். வயதாகிவிட்டது, மறதி வந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்த நேரம் அது. ஸ்கேனில் தேங்கிய இரத்தம் தெரிந்தது. மண்டையோட்டில் சிறு துளையிட்டு வடித்த பிறகு செருப்பு காலில் நின்றது. திடீரென வந்த மறதிக்கும், ஒருபக்கத் தளர்ச்சிக்கும் காரணம் தேடும்போது, ‘கடந்த இரண்டு மூன்று மாதங்களில் எங்காவது விழுந்தாரா, இடித்துக்கொண்டாரா?’ என்ற கேள்விக்கான பதிலையும் மருத்துவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

குழந்தை கட்டிலிலிருந்து விழுந்து, உடனே வீறிட்டு அழுது, சற்று நேரத்தில் சமாதானமாகிப் பால் குடித்து விளையாடினால் பெரும்பாலும் அச்சமில்லை. அழாமல் துவண்டு கிடந்தால், எவ்வளவு தேற்றியும் அழுகை நிற்காவிட்டால், பால் குடிக்க மறுத்தால், திரும்பத் திரும்ப வாந்தியெடுத்தால், உச்சிக்குழி புடைத்திருந்தால், தலையின் பக்கவாட்டில் மெத்தென்று நீர்கோத்ததுபோல் வீங்கியிருந்தால் உடனே காட்ட வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தலையில் அடிபட்டால், அடையாளம் எதுவும் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டிவிடுவதே மேல். ஆனால் ஸ்கேன் எடுத்தே தீர வேண்டும் என்று மருத்துவரை நெருக்காதீர்கள். சி.டி. ஸ்கேனின் கதிர்வீச்சு வளரும் மூளைக்கு நல்லதன்று. சில மணி நேரம் மருத்துவமனையிலேயே வைத்துக் கவனிப்பது பல குழந்தைகளுக்குப் போதுமானது.

அடுத்த சில வாரங்கள்

ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்பதற்கு, இரத்தக்கசிவு இல்லை என்பதே பொருள். தலைவலி, வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமை, காரணமில்லாத எரிச்சல், படித்த வரியையே மறுபடி படிப்பது போன்றவை பெரியவர்களுக்கு இரண்டு வாரம்வரையும், பிள்ளைகளுக்கு நான்கு வாரம்வரையும் இருப்பது இயல்பு. இதைச் சோம்பல் என்றோ நடிப்பு என்றோ வீட்டார் நினைத்துவிடுவதுண்டு. முதல் ஓரிரு நாள் ஓய்வும், செல்பேசித் திரையிலிருந்து விலகியிருப்பதும் வேண்டும். அதன் பிறகும் இருட்டறையில் படுத்தே கிடப்பது குணமாவதைத் தாமதப்படுத்தும். மெதுவான நடை, சிறு வேலைகள், பிறகு அரைநாள் பள்ளி என்று ஏற்றிக்கொண்டே போகலாம். அறிகுறி கூடினால் ஒரு படி இறங்கி, ஒரு நாள் பொறுத்து மறுபடி ஏறலாம். மாணவர்கள் முதலில் வகுப்புக்கு முழுமையாகத் திரும்ப வேண்டும், அதன் பிறகே கபடிக்கும் கால்பந்துக்கும் திரும்ப வேண்டும். முதல் அடி ஆறுமுன் படும் இரண்டாம் அடி பலமடங்கு ஆபத்தானது. தலைசுற்றல் முற்றிலும் நீங்கும்வரை இருசக்கர வாகனம் ஓட்டக் கூடாது. நான்கு வாரத்துக்குப் பிறகும் தொல்லை தொடர்ந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மறுபடி வண்டியை எடுக்கும் நாளில் பழைய ஹெல்மெட்டை மாட்டிக்கொள்ளாதீர்கள். அதன் உள்ளே தெர்மகோல் போலிருக்கும் அடுக்கு ஒரு முறை நசுங்கித்தான் அடியை வாங்கிக்கொள்கிறது. வெளிப்புற ஓடு பளபளவென்று இருந்தாலும் நசுங்கிய அடுக்கு பழையபடி உப்பாது.